இரு பிரதியிலும் ஒட்டப்பட்ட பக்கம்

உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரு நல்ல நாவலாவது வாங்கி வைத்தே தீருவது என்று நூலகர் ஒற்றைக்காலில் நின்றாள். அந்த நூலகத்தில் வரலாற்று நாவல்களுக்குப் பஞ்சமில்லை. வாள் வீசுகிறவை ஒரு வரிசை, அரண்மனையில் சதி செய்கிறவை இரண்டு வரிசை. ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட கதை மட்டும் பேருக்கு ஒன்றுகூடக் கிடையாது. இத்தனைக்கும் அந்த ஊரிலேயே அது மூன்று வருடம் நடந்தது. மேல்தெருக்காரர்கள் ஒரு பக்கம், கீழ்த்தெருக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் நூலகம். முடிந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். மாட்டியவர் தெரிந்து மாட்டினாரா, தெரியாமல் மாட்டினாரா என்று யாரும் விசாரிக்கவில்லை.

புத்தகம் இல்லாததற்குக் காரணம் ஒரு விதி. போர் முடிந்ததும் இரண்டு தெருப் பெரியவர்களும் கூடிப் போட்டது. உள்நாட்டுப் போர் வருகிற எந்தப் புத்தகத்தையும் மேல்தெருவிலிருந்து ஒருவரும் கீழ்த்தெருவிலிருந்து ஒருவரும் முதலில் படிக்க வேண்டும். தாங்க முடியாத வரி இருந்தால் அதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிடலாம். கிழிக்கக் கூடாது, ஒட்டலாம். ஒட்டியவர் கையைத் தவிர வேறு கை அந்தத் தாளை உரிக்கவும் கூடாது. இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புத்தகம் அலமாரிக்குப் போகும்.

பத்தொன்பது வருடமாக மேல்தெருவுக்காகப் படிப்பவர் ஒரு தையல்காரர். கீழ்த்தெருவுக்காகப் படிப்பவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். இருவரும் பேசிக்கொள்வது கிடையாது. பேச்சு இல்லாதது போகட்டும், அவர் தொட்ட புத்தகத்தை இவர் தொடமாட்டார், இவர் தொட்டதை அவர் தொடமாட்டார். ஆகவே எந்தப் புத்தகமானாலும் இரண்டு பிரதி வாங்குவது வழக்கம். இருவரும் ஒட்டித் திருப்பியதும், டீச்சர் ஒட்டிய இடங்களையெல்லாம் தையல்காரரின் பிரதியிலும் ஒட்டி ஒரே புத்தகமாக ஆக்குவது நூலகரின் வேலை. பசை டப்பாவும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நூலகமா நர்சரிப் பள்ளியா என்று சந்தேகம் வரும்.

அந்த வேலையில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். இருவர் ஒட்டிய தாளும் ஒரே வரியில் விழுந்ததே இல்லை. மேல்தெருக்காரர்கள் செய்த அக்கிரமத்தைத் தையல்காரர் மறைப்பார். கீழ்த்தெருக்காரர்கள் செய்ததை டீச்சர் மறைப்பார். இரண்டையும் சேர்த்து ஒட்டியபின் போன வருடம் ஒரு நாவலில் மிஞ்சியது மழைக்கால வர்ணனையும் ஒரு கல்யாணமும்தான். அதை எடுத்துப் போன ஒரு பெண், “குடும்பக் கதை, நல்லா இருந்துச்சு மேடம்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

நூலகருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். போரின் மூன்றாம் வருடம் அவனுக்கு இருபது வயது, அவளுக்குப் பதினாறு. அவன் எந்தப் பக்கமும் சேரவில்லை. சைக்கிளில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு தெருவுக்கும் போய்வந்தான். ஒரு நாள் காலை போனவன் வரவில்லை. மேல்தெருவில் கேட்டால் “கீழ்த்தெருவைக் கேளு” என்றார்கள். கீழ்த்தெருவில் கேட்டால் “மேல்தெருவைக் கேளு” என்றார்கள். இருபத்தாறு வருடமாகப் பந்து மாதிரி அங்கும் இங்கும் போய்வந்தாயிற்று. அவளுடைய அம்மாவுக்கு இப்போது எழுபத்தொரு வயது. இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் எங்கே என்று தெரியாமல் அம்மா போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் நூலகரின் கவலை.

வரலாற்றுப் புத்தகங்களை அவள் தலைமுழுகி வெகுநாள் ஆயிற்று. அவை யார் ஜெயித்தார்கள் என்று சொல்லும். சைக்கிளில் போனவன் ஏன் திரும்பவில்லை என்று யோசிக்கிறவன் நாவலாசிரியன்தான் என்பது அவள் கட்சி. ஒரு நல்ல நாவல் அலமாரியில் நின்றால் அதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர், ஒரே ஒருவர், வாயைத் திறக்கமாட்டாரா?

ஆக, தேடினாள். பதிப்பகப் பட்டியல்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பக்கத்து ஊர் நூலகங்களிலிருந்து இரவல் வாங்கினாள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவன், சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் முழங்கால் மேல் வைத்துச் சாப்பிட்டான்.

“எத்தனை ஆச்சு?”

“முப்பத்தொண்ணு.”

“போரே இதுக்குள்ள முடிஞ்சிருக்கும். ஒண்ணுகூடவா தேறல?”

“இதைக் கேளுங்க. ஊரை மூணு வாரமா முற்றுகை போட்டிருக்காங்க, குடிக்கத் தண்ணி இல்ல. கதாநாயகி தலைகுளிச்சு ஈரம் சொட்டச் சொட்ட வந்து நிக்கிறா.”

“அழகா இருந்தா சரி.”

“தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுதணும்ல?”

இதுதான் அவள் வைத்த பரீட்சை. என்ன சாப்பிட்டார்கள், எங்கே போய் ஒதுங்கினார்கள், எந்தக் கதவின் சாவி யாரிடம் இருந்தது. இந்த மூன்றுக்கும் பதில் தெரியாதவன் போரைப் பற்றி எழுத வந்திருக்கக் கூடாது. ஒரு நாவலில் தளபதி எட்டுப் பக்கம் வசனம் பேசினான், எதிரில் நின்றவனுக்குச் சுடத் தோன்றவில்லை. இன்னொன்றில் போர் என்பது காதலர்கள் பிரிவதற்குக் கிடைத்த ஒரு சாக்கு. வேறொன்றில் ஒரு பக்கத்தார் அத்தனை பேரும் உத்தமர்கள், மறுபக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடக் கோரைப்பல். எல்லாவற்றையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் ஒதுக்கினாள். அரைகுறையாகப் படித்துவிட்டுத் திட்டுவது அவளுக்குப் பிடிக்காது.

முப்பத்திரண்டாவது தேறியது. அது இந்த ஊர்ப் போரே அல்ல. கடல் கடந்த ஒரு நாட்டில், முந்நூறு வருடத்துக்கு முன், ஓர் ஆற்றின் இரு கரைகளுக்குள் நடந்தது. குதிரையும் நாட்டுத் துப்பாக்கியும் வருகிற காலம். எழுதியவருக்குப் பசி தெரிந்திருந்தது, பேன் தெரிந்திருந்தது, பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்துச் சுடுகிறவனுக்குக் கை எப்படி நடுங்கும் என்று தெரிந்திருந்தது. முதல் அத்தியாயத்திலேயே ரொட்டிக்கு மாவு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார். நூலகர் இரண்டு நாளில் படித்து முடித்தாள், நடுவில் ஓர் இடத்தில் அழுதாள், மூன்றாம் நாள் இரண்டு பிரதி வரவழைத்தாள். வெளிநாட்டுப் போர்தானே, இருவரும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஊர்ப்போருக்குக் கதவு திறக்காவிட்டால் என்ன, ஜன்னல் வழியாக நுழைவோம் என்பது அவள் கணக்கு.

தையல்காரர் பிரதியைக் கையில் வாங்கியபோது சட்டைக் காலர் ஒன்றைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தார். அட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

“குதிரையெல்லாம் வருதா தங்கச்சி? அப்ப நமக்கென்ன வந்துச்சு? நாலு நாள்ல தர்றேன்.”

டீச்சர் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் அதை வைத்துக்கொண்டார். “அந்த நாட்டுச் சண்டைக்கும் நான்தான் காவலாம்மா?” என்று கேட்டார். அவரும் சிரித்தார்.

டீச்சரின் பிரதி ஐந்தாம் நாள் வந்தது. பின்னட்டையில் கையெழுத்து இருந்தது. சும்மா புரட்டியபோது இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கை நின்றது. பக்கத்தின் நடுவே பதினாறு வரிகளை மூடி ஒரு வெள்ளைத்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, அளவுகோல் வைத்து வெட்டியிருந்தார். புத்தகத்தில் அது ஒன்றுதான்.

தையல்காரரின் பிரதி நாலு நாளில் வரவில்லை. கடைக்குப் போனால் “ஊசி வாங்கப் போயிருக்கார்” என்றார்கள். மறுநாள் போனால் அவரே பின்கதவு வழியாகக் கம்பி நீட்டுவது தெரிந்தது. பதினொன்றாம் நாள் காலை நூலகத்தைத் திறக்கும்போது புத்தகம் வாசற்படியில் கிடந்தது. அவள் நின்றபடியே இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். அங்கும் வெள்ளைத்தாள், அதே பதினாறு வரிகளின் மேல். வேறெங்கும் ஒட்டவில்லை.

உள்ளே போய் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்தாள். தாளுக்கு அடியில் என்ன இருந்தது என்று யோசிக்கத் தேவையே இல்லை. அவள் அழுத இடம் அதுதான். இரு கரைக்கும் படகு ஓட்டி, இரு பக்கத்துக் காயம்பட்டவர்களையும் ஏற்றிப் போனான் ஒரு படகோட்டி. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு படைத்தலைவர்களும் ஒரு மாவு ஆலையில் சந்தித்து ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இரண்டு கரையும் தெரிந்தவன் வெளியே இருக்கக் கூடாது. அவனை உப்புக் கிடங்கில் அடைத்தார்கள். ஆளுக்கு ஒரு காவலாளியைப் போட்டார்கள். சண்டை மூண்டபோது, மற்றவன் இருக்கிறானே என்று இரண்டு காவலாளிகளும் ஓடிப்போனார்கள்.

நூற்று எண்பதாம் பக்கத்தில் ஓர் ஊரையே கொளுத்துகிறார்கள். அதற்கு யாரும் தாள் ஒட்டவில்லை. முந்நூறு வருடத்துக்கு முன் எங்கேயோ செத்த படகோட்டிக்கு இந்த இருவரும் ஏன் பசை தடவ வேண்டும்? அவளுக்கு வந்த கோபத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருடமாக இந்த இரண்டு பேருக்கும் தன் கையால் புத்தகம் கொடுத்து, தன் கையால் வாங்கியிருக்கிறாள்.

நூலகத்துக்கு விடுமுறை நாளில் இருவருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு அனுப்பினாள்: ‘கையெழுத்தில் ஒரு சந்தேகம். பத்து மணிக்கு வரவும்.’ டீச்சர் முதலில் வந்தார். தையல்காரர் வந்து டீச்சரைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். நூலகர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திப் பூட்டில் சாவியைப் போட்டாள்.

“பூட்டாத தங்கச்சி,” என்றார் தையல்காரர். “நான் எங்கயும் போகல. கதவு திறந்தே இருக்கட்டும்.”

அவள் திறந்துவைத்தாள். இரண்டு பிரதிகளையும் மேசைமேல் விரித்துப் போட்டாள்.

“யாரைப் பத்தி எழுதியிருக்கு இங்க?”

“படகோட்டி,” என்றார் டீச்சர்.

“எந்த ஊரு?”

“அதான் புத்தகத்துலயே இருக்கே.”

“அந்த ஊருக்கும் உங்க தெருவுக்கும் என்ன சம்பந்தம் டீச்சர்? அண்ணே, நீங்களாவது சொல்லுங்க.”

தையல்காரர் மேசையின் விளிம்பைத் துணி அளப்பது மாதிரி விரலால் அளந்தார். “பசங்க படிக்கிறது. மனசு கெட்டுடுமேன்னு…”

“சப்பைக்கட்டு கட்டாதீங்க. ஊரைக் கொளுத்துனா கெடாத மனசு இதுலதான் கெடுமா? தலையைச் சுத்தி மூக்கைத் தொட எனக்குத் தெரியாது. நேரா கேக்குறேன். எங்கண்ணன் எங்க?”

வெளியே ஒரு பேருந்து நின்று, ஆள் ஏற்றி, போயிற்று.

“இந்தத் தாளை உரிங்க,” என்றாள் அவள். “ஒட்டின கைதான் உரிக்கணும். உரிச்சுட்டு, அதுல இருக்கிறதை எனக்குப் படிச்சுக் காட்டுங்க. நான் நாள் முழுக்க இங்கதான் இருப்பேன். நாளைக்கும் இருப்பேன்.”

டீச்சர் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். நல்ல பசை, அந்த நூலகத்துப் பசை. தாளோடு எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. தையல்காரர் பிரதியிலும் அப்படியே ஆயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இப்போது படிக்க ஒன்றுமில்லை.

“அப்ப வாயாலதான் சொல்லணும்,” என்றாள் நூலகர்.

“அவரைக் கேக்காத,” என்றார் டீச்சர். பல வருடத்தில் முதல்முறையாகத் தையல்காரரைப் பற்றி அவர் பேசிய பேச்சு அது. “அவர் அழுதுடுவார். நான் சொல்றேன். மூணு வருஷத்துல ரெண்டு தெருவும் சேர்ந்து போட்டது ஒரே ஒரு கூட்டம், அது உங்கண்ணனுக்காக. எங்க பக்கம் எத்தனை பேர் அடிபட்டுப் படுத்திருக்காங்கன்னு அவனுக்குத் தெரியும். அவங்க பக்கமும் தெரியும். ரெண்டும் தெரிஞ்சவனை வெளிய விடக் கூடாதுன்னாங்க. பத்து நாளைக்கு அடைச்சு வைப்போம், அப்புறம் விட்டுடுவோம்னு பேச்சு. ஐஸ் ஃபேக்டரியில, அந்த இரும்புக் கதவு அறையில. காவலுக்கு ஆள் போட்டா ஒருத்தரையொருத்தர் நம்பணுமே. அதனால ரெண்டு பூட்டுப் போட்டாங்க. ஒரு சாவி அவங்ககிட்ட, ஒரு சாவி எங்ககிட்ட.”

“உங்க சாவி?”

“எங்க பெரியண்ணன் இடுப்புல. மறுநாள் காலையில அவரை பஸ் நிலையத்துல சுட்டுட்டாங்க. உடம்பே எங்களுக்குக் கிடைக்கலம்மா.”

“எங்க சாவி என்கிட்ட இருந்துச்சு,” என்றார் தையல்காரர். “எனக்குப் பத்தொன்பது வயசு. எங்க பூட்டை நான் திறந்துட்டேன், தங்கச்சி. மூணாம் நாளே திறந்துட்டேன்.”

நூலகர் உட்கார்ந்துவிட்டாள். இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது. ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. எத்தனை முறை இந்தத் தையல்காரர் இவள் ரவிக்கைக்கு அளவெடுத்திருக்கிறார், எத்தனை முறை டீச்சர் “அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டிருக்கிறார். மீதியைக் கேட்கத் துடித்த நாக்கை அவள் கடித்துக்கொண்டாள். இதை முதலில் கேட்க வேண்டியவள் தானல்ல, அம்மா.

“மிச்சத்தை எங்கம்மாகிட்ட சொல்லுங்க. எழுந்திருங்க.”

“இப்பவா?” என்றார் டீச்சர். “அவங்க உடம்பு இருக்கிற நிலைமையில…”

“தெரியாமலே இருபத்தாறு வருஷம் தாங்கின உடம்பு அது. தெரிஞ்சா தாங்கும். ரெண்டு பேரும் வந்துதான் ஆகணும்.”

மூவரும் நடந்தார்கள். மேல்தெருக்காரரும் கீழ்த்தெருக்காரரும் ஒரே நடைபாதையில் போவதைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார். நூலகர் நடுவில் நடந்தாள். இருவரில் யாராவது சந்து பார்த்து நழுவினால் கையைப் பிடித்து இழுத்துப்போவது என்று முடிவு செய்திருந்தாள். யாரும் நழுவவில்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் சுருக்கமாகச் சொன்னாள்: “அம்மா, அண்ணனைப் பத்தி இவங்களுக்குத் தெரியும்.” அம்மா கையிலிருந்த துண்டை மடித்து முடித்து, மற்றவற்றின் மேல் வைத்தாள்.

“உக்காருங்க. எங்க இருக்கான்?”

“ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல,” என்றார் டீச்சர். “சண்டை அடங்கினதும் பூட்டை உடைச்சு எடுத்து, நாங்க ரெண்டு பேருந்தான்மா தோண்டினோம். யார்கிட்டயும் சொல்றதில்லன்னு பேசிக்கிட்டோம். அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியல.”

அம்மா தலையை ஆட்டினாள். சுவரைப் பிடித்துக்கொள்ளவில்லை, மகளைப் பார்க்கவில்லை. தையல்காரரைப் பார்த்தாள்.

“நீ உயிரோட பார்த்தியா?”

“பார்க்கலம்மா. கதவு திறக்கல. எங்க பூட்டைத் திறந்துட்டேன், இன்னொண்ணு தொங்குது. உடைக்கிறதுக்கு ஓங்கித் தட்டினா சத்தம் கேட்டுச் சுடுவாங்கன்னு பயம். தட்டல. பயந்துட்டேன். ஒரு வாய் தண்ணி கொடுக்கக்கூட இடுக்கு இல்ல. கதவுக்கு வெளிய உக்காந்திருந்தேன்.”

“பேசினானா?”

“பேசினான்.”

“என்ன பேசினான்?”

தையல்காரருக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முகத்தைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டார்.

“‘அந்தச் சாவியக் கொண்டு வர்றாங்களா?’ன்னு கேட்டான். ‘வர்றாங்க’ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டான். ‘இதோ வந்துட்டாங்க, தெருமுனையில நிக்கிறாங்க’ன்னேன். ரெண்டு நாளும் அதையேதாம்மா சொன்னேன். கடைசியா கேட்டப்பவும், ‘வந்துட்டாங்க’ன்னு சொன்னேன்.”

“பொய்.”

“ஆமாம்மா.”

“அவன் நம்பினானா?”

“நம்பினான். ‘சரி, அப்ப நான் கொஞ்சம் தூங்குறேன்’னான்.”

நூலகர் வாயைப் பொத்திக்கொண்டு நிலைப்படியில் நின்று அழுதாள். அம்மா அழவில்லை. கையை நீட்டித் தையல்காரரின் மணிக்கட்டைப் பிடித்தாள், கெட்டியாக, விடுகிற பிடியாக இல்லை.

“அந்த ஒரு பொய்க்காக உன்னை என் வீட்டுல உக்கார வைப்பேன். அதுக்கப்புறம் இருபத்தாறு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தியே, அதுக்கு நான் சாகிற வரைக்கும் உன்னை மன்னிக்க மாட்டேன். ரெண்டையும் தெரிஞ்சுக்கோ.”

பிடியை விடாமலே டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“இப்ப நீ சொல்லு. முதல்லேர்ந்து சொல்லு. எதையும் விடாத.”